வள்ளத்துக்கு முன்னால் வந்த சத்தம்

கல்லாந்துறையில் கஸ்பார் தன் பழைய வள்ளத்துக்குப் புது எஞ்சின் பூட்டிய வருஷம், கச்சான் காற்று ஓயாமல் அடித்து மணலை வாரிக்கொண்டுவந்து சோற்றுப் பானையிலும் படுக்கையிலும் போட்ட வருஷம், கடலுக்குப் போக முடியாத ஆண்கள் கரையில் உட்கார்ந்து ஒருவர் வாயை ஒருவர் கிளறிக்கொண்டிருந்த வருஷம், அந்த எஞ்சின் வள்ளத்தைப் பின்னால் விட்டுவிட்டுத் தன் சத்தத்தை மட்டும் முதலில் கரைக்கு அனுப்பத் தொடங்கியது.

வள்ளம் கஸ்பாரின் அப்பா அயினிப் பலகையில் செய்வித்தது. முதலில் பாய் கட்டி ஓடியது. பிறகு மண்ணெண்ணெயில் ஓடும் ஒரு எஞ்சினைப் பின்பக்கத்தில் மாட்டிக்கொண்டு புகையும் இருமலுமாகப் பல வருஷம் ஓடியது. அந்த எஞ்சின் ஒருநாள் ஆழ்கடலில் நின்றுபோய், துடுப்புப் போட்டுக் கரை சேர்ந்து கழற்றிப் பார்த்தபோது, உள்ளே உப்பும் துருவும் தவிர மிச்சம் எதுவும் இல்லை. புது எஞ்சின் அதைவிடப் பலமானது, கனமும் அதிகம். பழைய வள்ளம் தாங்காது, பின்பக்கம் பிய்ந்துகொண்டு போய்விடும் என்று பார்த்தவர்கள் எல்லாம் சொன்னார்கள். கஸ்பார் பின்பக்கத்தை அறுத்து, குறுக்கே தடித்த தேக்குப் பலகை கொடுத்து, இரும்புப் பட்டை சுற்றி, நீளமான போல்ட்டுகளை முடுக்கினான். அந்த வேலை முடிவதற்குள் அவன் மனைவி கித்தேரி அவனுக்கு மூன்று வேளையும் சோற்றைக் கரைக்கே கொண்டுவந்தாள். அவன் தின்று முடிக்கிற வரை அருகில் நின்று, வள்ளத்தின் முதுகைத் தடவிப் பார்த்துவிட்டுப் போவாள்.

எங்கள் கரையில் ஒரு வழக்கம் உண்டு. புது எஞ்சினைப் பங்குச் சாமி மந்திரித்துத் தீர்த்தம் தெளித்ததும், அதை ஆட்கள் தோளில் தூக்கிப்போய் வள்ளத்தில் பூட்டி, வள்ளத்தைக் கடலில் இறக்கி, விசிறி உப்புத் தண்ணீரில் முங்கிய பிறகுதான் முதல்முறை கயிற்றை இழுப்பார்கள். எஞ்சினின் முதல் சத்தம் கடலுக்குச் சேர வேண்டும். ஏன் என்று யாரும் கேட்டதில்லை. ஆனால் காற்று ஓயவில்லை, பட்டணத்திலிருந்து வந்த மெக்கானிக்குக்குப் பஸ்ஸைப் பிடிக்க வேண்டும், எஞ்சினை ஓட்டிப் பார்க்காமல் விட்டுப்போக அவனுக்கு மனசில்லை. ஒரு தார் டிரம்மைக் கழுவி, கிணற்றுத் தண்ணீரை நிரப்பி, இரண்டு முளைகளுக்குக் குறுக்கே பலகை கட்டி, எஞ்சினை அதில் தொங்கவிட்டுக் கரையிலேயே கயிற்றை இழுத்தார்கள். அது மத்தியானம் முழுவதும் டிரம்முக்குள் கிடந்து ஓடியது. டிரம்மிலிருந்து தண்ணீர் கொதித்து வழிந்தது.

கஸ்பாரோடு கடலுக்குப் போகிற இஞ்ஞாசி, கல்யாணம் கட்டாதவன், வாய் ஓயாதவன், மூக்கில் விரல் வைத்தான்.

"கரையிலேயே அழ வச்சிட்டீரே ஓய்."

"அழுதா என்னவே? தொட்டில்லயா போடப்போறேன்?" என்றான் கஸ்பார்.

காற்று ஓய்ந்த காலையில் வள்ளம் இறங்கியது. நான் சின்ன வயசில், கரைக்கு முன்னால் கடலுக்குள் கிடக்கும் பாறைத்திட்டான பாரில் மோதிக் கால் முறிந்தவன். அதனால் கடலுக்குப் போகாமல் கரையில் உட்கார்ந்து கிழிந்த வலை பொத்திப் பிழைத்தவன். ஆண்கள் கடலில் இருக்கும் நேரம் கரையில் நடப்பதைப் பார்த்தே என் வயசு போயிருக்கிறது. அன்றும் பார்த்தேன். கஸ்பார் கயிற்றை இழுத்தான், விசிறி தண்ணீரைப் பிளந்தது, வள்ளம் தலையைத் தூக்கிக்கொண்டு பாய்ந்தது, சத்தம் இல்லை. காற்று அந்தப் பக்கம் கொண்டுபோகிறது என்று நினைத்தேன். கொடியில் துணி அசையவில்லை.

சாயங்காலம் பெண்கள் கடகங்களோடு கரையில் உட்கார்ந்திருந்தபோது எஞ்சின் சத்தம் கேட்டது. பாரைத் தாண்டி உள்ளே வந்தது. பெண்கள் எழுந்து சேலையை உதறிக்கொண்டு தண்ணீர் ஓரம் போனார்கள். சத்தம் நேராக அவர்களை நோக்கி வந்து, வேகம் குறைந்து, அலை முறியும் இடத்தில் ஒருமுறை உறுமி நின்றது. நின்ற இடத்தில் தண்ணீர் தட்டையாகக் கிடந்தது, வள்ளம் இல்லை. பெண்கள் சிலுவை போட்டுக்கொண்டார்கள். ஓர் உலை கொதிக்கிற நேரம் கழித்து, வெயில் தாழ்ந்து நீர் செம்பு நிறமானபோது, கஸ்பாரின் வள்ளம் ஒரு சத்தமும் இல்லாமல் வந்து, சத்தம் நின்ற அதே இடத்தில் நின்றது.

இஞ்ஞாசிதான் கடலில் நடந்ததைச் சொன்னான். எஞ்சின் ஊமையாக ஓடியது என்றும், வள்ளத்தின் அடியில் மீன்கள் உரசிப் போவதுகூடக் கேட்டது என்றும், ஆழத்தில் யாரோ மூச்சு விடுகிற மாதிரி இருந்தது என்றும் சொல்லிவிட்டு, "இத்தன வருசமா எஞ்சின் எரைச்சல்ல நான் பேசினது ஒண்ணும் இவருக்குக் கேக்கலைன்னு நெனச்சேன். இன்னைக்குத்தான் தெரியுது, எல்லாம் கேட்டிருக்கு, பதில் சொல்லத்தான் இஷ்டமில்ல" என்றான்.

முதல் சில நாள் ஊர் பயந்தது. பிறகு பேசியது. பிறகு பழகிக்கொண்டது. சத்தம் வந்ததும் கித்தேரி அரிசியைக் களைந்து உலையில் போடுவாள். வள்ளம் வரும்போது சோறு பதமாக இருக்கும். மற்ற பெண்களும் தெருவில் நின்று, "கஸ்பாரு சத்தம் வந்தாச்சா?" என்று கேட்டு அடுப்பு மூட்டினார்கள். காக்கைகளும் பருந்துகளும் சத்தத்துக்குக் கூடி, வெறும் தண்ணீரைச் சுற்றி ஏமாந்து, சில வாரங்களில் அவையும் கற்றுக்கொண்டு, சத்தம் நின்றபிறகு ஓர் உலை நேரம் கழித்தே வந்தன. என் மனைவி ரெஜினா அப்போது உயிரோடு இருந்தாள். "இஞ்ச பாருங்க, அந்த மனுசன் சொல்லிட்டு வீட்டுக்கு வாறாரு. நீங்க ஒரு காலை இழுத்துக்கிட்டு வாறீய, அப்படியும் முதுகுக்குப் பின்னால வந்து நிக்கிற வரைக்கும் எனக்குத் தெரியல" என்பாள்.

எஞ்சின் பழகப் பழகச் சத்தத்துக்கும் வள்ளத்துக்கும் இடையிலான நேரம் நீண்டது. ஓர் உலை நேரம் ஒரு சமையல் நேரமாயிற்று. பிறகு, வள்ளம் சாயங்காலம் வரும் என்றால் சத்தம் மத்தியானமே வந்தது. ஒருநாள் வள்ளம் கரையேறி, மீன் எல்லாம் விற்று, கஸ்பார் குளித்துவிட்டு வள்ளத்தின் மேல் சாய்ந்து நின்று கட்டஞ்சாயா குடித்துக்கொண்டிருந்தபோது, அவன் எஞ்சின் அவன் கைக்கு எட்டும் தூரத்தில் சூடு ஆறிக்கொண்டிருந்தபோது, கடலிலிருந்து அதே சத்தம் வந்தது. அவன் தம்ளரை வாயிலிருந்து எடுக்காமல் கேட்டான். சத்தம், பாரில் வள்ளம் நுழையும் வாயில் கொஞ்சம் வடக்கே ஒதுங்கி, திருத்திக்கொண்டு, உள்ளே வந்து நின்றது.

"நாளைக்கி நீரோட்டம் வடக்க இழுக்கும்போல. கொஞ்சம் ஒதுங்கிட்டுத்தான் வாறேன்" என்றான் கஸ்பார்.

மறுநாள் நீரோட்டம் வடக்கே இழுத்தது. அவன் ஒதுங்கி, திருத்திக்கொண்டு வந்தான்.

அதையும் ஊர் ஏற்றுக்கொண்டது. கரையில் மீன் ஏலம் போடுகிற தொபியாஸுக்குக் காது கூர்மை. பாரம் ஏறிய வள்ளத்தின் சத்தம் தாழ்ந்தும் வெறும் வள்ளத்தின் சத்தம் உயர்ந்தும் இருக்கும் என்பது எல்லோருக்கும் தெரிந்தாலும், அவர் சத்தத்தைக் கேட்டு என்ன மீன் என்றே சொல்வார். நாளைய மீனை இன்றைக்கே ஏலம் போட ஆரம்பித்தார். வெறும் கடலைப் பார்த்து நின்றுகொண்டு, இல்லாத கடகத்தைக் காலால் தட்டி, "நல்ல சாளை, நாளைக்குப் பிடிச்ச சாளை" என்று கூவுவார், வியாபாரிகள் விலை கேட்பார்கள். சத்தம் மெலிந்து வந்த நாட்களில் இஞ்ஞாசி, "நாளைக்கி நமக்கு ஒண்ணும் இல்ல. எதுக்குவே போயிட்டு? படுத்து ஒறங்குவோம்" என்பான். கஸ்பார் கேட்கமாட்டான். "சத்தம் வந்துட்டு. அப்ப நான் போயிருக்கேன்ல?" என்பான். இஞ்ஞாசி புலம்பிக்கொண்டே துடுப்பை எடுப்பான்.

அவர்கள் போய் வராமல்போன நாளுக்கு முந்திய சாயங்காலமும் சத்தம் வந்தது. எந்தக் குறையும் இல்லாமல், நடுத்தரமான பாரத்தோடு, பாரின் வாயில் நேராக நுழைந்து வந்தது. தொபியாஸ் பாரை மீன் என்று சொல்லி ஏலம் விட்டார். காலையில் கஸ்பாரும் இஞ்ஞாசியும் போனார்கள். கடல் எண்ணெய் மாதிரி கிடந்தது. மற்ற வள்ளங்கள் எல்லாம் திரும்பின. வெயில் சாய்ந்தது. ஏலம் எடுத்த வியாபாரிகள் கடகங்களை வைத்துக்கொண்டு நின்றார்கள். வள்ளம் வரவில்லை, வள்ளம் வரவேண்டிய நேரத்தில் சத்தம் வந்தது, வழக்கம்போல நாளைக்கு உரிய சத்தம், வந்து அலை முறியும் இடத்தில் உறுமி நின்றது.

ஊரே கடலில் இறங்கித் தேடியது. வடக்கே உள்ள ஊர்களுக்கும் தெற்கே உள்ள ஊர்களுக்கும் ஆள் போனது. ஒரு பலகை கிடைக்கவில்லை, ஒரு கயிறு கிடைக்கவில்லை. தேடினவர்கள் சோர்ந்து கரையேறுகிற ஒவ்வொரு சாயங்காலமும் அவர்களுக்குப் பின்னாலேயே கஸ்பாரின் எஞ்சின் வந்து நின்றது. கித்தேரி அரிசி களைந்து வைத்தாள்.

"அதான் சத்தம் வருதுல்லா" என்றாள் அவள், துக்கம் கேட்க வந்தவர்களிடம். "முன்ன ஒரு நேரம் முந்தி வந்துச்சு, பெறவு ஒரு நாள் முந்தி வந்துச்சு. இப்ப இன்னும் கொஞ்சம் முந்தி வருது. அவிய வருவாவ."

சத்தம் ஒருநாளும் பொய் சொன்னதில்லை என்பதால் வந்தவர்கள் தலையாட்டிவிட்டுப் போனார்கள். மாசங்கள் போனபிறகு பங்குச் சாமி, உள்நாட்டு ஊர்க்காரர், வயசில் இளையவர், அவள் வீட்டுக்கு வந்து, துக்கமணி அடித்து இறந்தோர் பூசை வைத்துவிடலாமா என்று மெதுவாகக் கேட்டார். பூசை வைத்தால் அவள் தாலியைக் கழற்ற வேண்டும். கித்தேரி சாமிக்கு ஸ்டூல் எடுத்துப் போட்டாள்.

"சத்தம் வாற நேரம் பாத்து அடிங்க சாமி. ரெண்டையும் கேட்டுட்டு எது சரின்னு அவியளே சொல்லட்டும்."

சாமி சாயா குடித்துவிட்டுப் போனார். மணி அடிக்கவில்லை.

சத்தம் மட்டும் மாறியது. நாளுக்கு நாள் தாழ்ந்தது. எஞ்சின் இழுக்க முடியாமல் இழுக்கிற மாதிரி, வள்ளத்தின் விளிம்பு வரை தண்ணீர் நிற்கிற மாதிரி, அவ்வளவு பாரத்தோடு வந்தது. ஒருநாள் கரையில் பெண்கள் தொபியாஸைச் சூழ்ந்துகொண்டு என்ன மீன் என்று கேட்டார்கள். அவர் துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு நடந்தார். கித்தேரி அவர் பின்னாலேயே போனாள்.

"மாமா, என்ன மீனுன்னு சொல்லிட்டுப் போங்க."

"மீனு இல்லம்மா."

"பெறவு?"

அவர் சுற்றுமுற்றும் பார்த்தார். நான் வலையோடு அருகில் இருந்தேன், என்னைப் பொருட்படுத்தவில்லை.

"மீன் பாரம் ஒருபோல இருக்கும். ஏத்தினா ஏத்துன எடத்துல கெடக்கும். இது அசையுது. அங்க ஒருத்தன் எந்திரிக்கான், இங்க ஒருத்தன் எடம் மாறி உக்காருதான், அதுக்குத் தக்கன எஞ்சின் ஏறி எறங்குது. இது ஆள் பாரம் கித்தேரி. நெறைய ஆளு."

அந்தப் பேச்சு இருட்டுவதற்குள் எல்லா வீட்டுக்கும் போய்விட்டது. எங்கள் ஊரில் கடலில் போய்த் திரும்பாதவர்கள் இல்லாத வீடு குறைவு. அவர்களுக்குக் கல்லறைத் தோட்டத்தில் இடம் இல்லை. பெயர் மட்டும் பூசையில் வாசிக்கப்படும். மறுநாள் சாயங்காலம் அவர்களுடைய பெண்கள் எல்லாம் கரைக்கு வந்தார்கள். தாய்மாரும் மனைவிமாரும் அக்காமாரும், தலை வாரி, முகம் கழுவி, நல்ல சேலை கட்டி வந்து மணலில் வரிசையாக உட்கார்ந்தார்கள். ரெஜினாவின் தம்பி ஒருவன் அப்படிப் போனவன், அவளும் போனாள். சத்தம் வந்தது, கனத்து, தடுமாறி, பாரின் வாயில் நுழைந்து, அவர்கள் முன்னால் நின்றது. எஞ்சின் நின்றபிறகு, கூட்டமான இடத்தில் எல்லோரும் பேச்சை நிறுத்திய பிறகு இருக்குமே ஓர் அமைதி, அது கொஞ்ச நேரம் தண்ணீரின் மேல் இருந்தது.

"இருமுனான். நான் கேட்டேன். சின்னப்புள்ளயிலேருந்து அவனுக்கு அந்த இருமல் உண்டும்" என்று வீட்டுக்கு வந்து ரெஜினா சொன்னாள். அன்றைக்கு அவள் சாப்பிடவில்லை. ஆனால் அழவும் இல்லை.

பெண்கள் வீடுகளுக்கு வெள்ளையடித்தார்கள். போனவர்கள் இடுப்பில் உடுத்திருந்த, மடித்து வைத்த சாரங்களை எடுத்துத் துவைத்து வெயிலில் போட்டார்கள். அந்த வரிசையில் உட்காராமல், தள்ளி, இழுத்து வைத்த வள்ளங்களின் மறைவில் நின்று கேட்டவள் பிலோமி ஒருத்திதான். அவளுடைய முதல் புருஷன் தொம்மை, கல்யாணமான மறுவருஷம் கடலில் போனவன். பல வருஷம் கழித்து அவள் சவரியானைக் கட்டி, இரண்டு பிள்ளைகள் பெற்று, நல்லபடியாக இருந்தாள். ஒருநாள் அவள் கித்தேரியின் வாசலில் வந்து நின்றதை, நான் அந்த வீட்டு வலையைத் திருப்பிக் கொடுக்கப் போனபோது பார்த்தேன்.

"ஏ கித்தேரி, ஒன் மாப்பிள்ளைட்ட சொல்லு. எல்லாரையும் ஏத்திக்கிட்டு வர வேண்டாம்னு சொல்லு."

"நான் எங்க போயி மைனி சொல்ல?"

"நீதான கூப்பிட்டுக்கிட்டே இருக்க. ஒனக்குத்தான அது வருது." பிலோமி வாசல் நிலையைப் பிடித்துக்கொண்டாள். "அவரு வந்து, 'இது யாரு புள்ளைய'ன்னு கேட்டா நான் என்ன சொல்லுவேன்? என்னைய வேண்டாம்னு போனவரா? போனதுக்கு நான் என்ன செய்ய, வாறதுக்கு நான் என்ன செய்ய?"

கித்தேரி விலகி வழி விட்டாள். "உள்ள வாங்க மைனி" என்றாள். பிலோமி உள்ளே போகவில்லை.

ஆண்கள் பயந்தது அதற்குப் பிறகு. ஞாயிற்றுக்கிழமைப் பூசை முடிந்து கோயில் முன்பந்தலில் கூடினார்கள். வருகிறவர்கள் எந்த வீட்டில் இருப்பார்கள், அவர்கள் பங்கு வலையை யார் திருப்பித் தருவது, வள்ளங்களில் அவர்கள் இடத்தில் இப்போது உட்கார்ந்திருப்பவன் எங்கே போவது என்று ஆளாளுக்குப் பேசினார்கள். நரைத்த தலை உள்ள ஒருவர் எழுந்து, "எங்க ஐயா போகும்போது அவருக்கு மீசை நல்லா வளரல. இப்ப வந்தா எனக்கு மகன் மாதிரி இருப்பாரு. அவரு என்னைய அடிப்பாரா, நான் அவர அடிக்கணுமா?" என்று கேட்டார். சிலர் சிரித்தார்கள். சிரிப்பு சீக்கிரம் அடங்கியது. சவரியான் மட்டும் தலையைத் தூக்கவில்லை. கடைசியில் அவன்தான் பனைகளை வெட்டிவிடலாம் என்று சொன்னான்.

எங்கள் கரைக்கு முன்னால் நீளமாகப் பார் கிடக்கிறது. அதில் வள்ளம் நுழைய ஒரே ஒரு வாய்தான் உண்டு. கடலில் இருந்து அதைக் கண்டுபிடிக்க இரண்டு பனைகளைப் பார்ப்பார்கள். ஒன்று தண்ணீர் ஓரத்தில், இன்னொன்று அதற்குப் பின்னால் மணல்மேட்டில். முன்பனை பின்பனையை மறைத்து இரண்டும் ஒன்றாகத் தெரிகிற கோட்டில் வந்தால் வாய். ஒரு பனை மட்டும் தெரிந்தால் எந்தக் கோடும் இல்லை. எங்கே திரும்பினாலும் பார்தான். ஊரில் பிறந்து கடலுக்குப் போன எல்லோரும், இருப்பவர்களும் போனவர்களும், அந்தப் பனைகளைப் பார்த்தே வீடு திரும்பினார்கள். அவற்றை வெட்டிவிட்டு, நமக்கு மட்டும் தெரியும்படி வேறு இடத்தில், வாய்க்குச் சாய்வாக அளந்து, இரண்டு இரும்புக் கம்பம் நட்டுக்கொள்ளலாம்; போனவர்களுக்குக் கம்பம் தெரியாது. இதுதான் சவரியான் சொன்னது. யாரும் ஆமாம் என்று சொல்லவில்லை. யாரும் வேண்டாம் என்றும் சொல்லவில்லை.

கம்பம் நட்டபிறகு பனைகளில் கோடாலி விழுந்த காலையில் கித்தேரி ஓடிவந்தாள். முன்பனையைக் கட்டிக்கொண்டாள். பெண்களே வந்து அவளைப் பிரித்தார்கள். முந்தின நாள் வரை அவளோடு வரிசையில் உட்கார்ந்திருந்தவர்களில் சிலரும் அதில் இருந்தார்கள், ஏனென்றால் அவர்கள் வீட்டு ஆண்கள் பந்தலில் பேசியதைக் கேட்டிருந்தார்கள்.

"அவியளுக்கு இரும்புக் கம்பம் தெரியாதே! பனை இல்லாட்டி எங்க பாத்து வருவாவ?" என்று கித்தேரி கத்தினாள். "ஒங்க ஆளுவளை வேண்டாம்னா எறக்கி விட்டுட்டு வரச் சொல்லுதேன். எனக்கு அவிய வேணும். எனக்கு அவிய ஒருத்தர் போதும்."

பின்பனை முதலில் விழுந்தது. முன்பனை தண்ணீருக்குள் தலை வைத்து விழுந்தது. ஆண்கள் கோடாலிகளைக் கழுவிக்கொண்டு போனார்கள்.

அன்று சாயங்காலம் எல்லா வீடுகளும் கதவைச் சாத்தின. நான் என் ஓலைக் கொட்டகையில் இருந்தேன். கதவு இல்லாத இடம். சத்தம் வந்தது. பாருக்கு வெளியே வந்து வேகத்தைக் குறைத்தது. உள்ளே வரவில்லை. தெற்கே போனது, அந்தக் கனத்தோடு, மெதுவாக, பாரின் ஓரமாக, போய்த் திரும்பியது. வடக்கே போனது. திரும்பியது. நடுவில் நின்று எஞ்சினை ஓடவிட்டபடி மிதந்தது. யாரோ கையை நெற்றிக்கு வைத்துக் கரையைப் பார்க்கிறான் என்பது எனக்குத் தெரிந்தது. எப்படித் தெரிந்தது என்று சொல்ல முடியாது. மறுபடி தெற்கே போனது. எண்ணெய் தீர்ந்துகொண்டிருக்கிற எஞ்சின் விடும் திணறல் அதில் வர ஆரம்பித்தது.

கித்தேரி தெருவில் வந்தாள். கையில் ஒரு நீள மூங்கில், அதன் நுனியில் கஸ்பாரின் வெள்ளை வேட்டி. யாரையும் பார்க்கவில்லை. முன்பனையின் அடிமரத்தில் ஏறி, மூங்கிலை நட்டமாகத் தூக்கிப் பிடித்து நின்றாள். வேட்டி விரிந்தது. கடலில் சத்தம் நின்று கேட்பதுபோல ஒரு கணம் தாழ்ந்தது. பிறகு மறுபடி அலைந்தது. அவள் மூங்கிலை இறக்காமல் பிடித்துக்கொண்டிருந்தாள். கோட்டுக்கு இன்னொன்று வேண்டும் என்பது எனக்குத் தெரியும், அவளுக்கும் தெரிந்திருக்கும், அவள் திரும்பிப் பார்க்கவில்லை, யாரையும் கூப்பிடவில்லை. நான் என் கம்பை ஊன்றி எழுந்தேன். எனக்கும் மணல்மேட்டுக்கும் இடையில் இருந்த தூரம் என் காலுக்கு ரொம்ப அதிகம்.

மணல்மேட்டை ஒட்டிய வீடு சவரியானுடையது. அந்தக் கதவு திறந்தது. பிலோமி வெளியே வந்தாள். உள்ளே இருந்து அவன், "ஏட்டி, எங்க போற? உள்ள வா. பிலோமி, புள்ளைய பயப்படுதுவ, உள்ள வாட்டி" என்று கூப்பிட்டான். அதட்டலாகத் தொடங்கிய குரல் கடைசியில் கெஞ்சியது. அவள் கையை வீசி அவனை அமர்த்தினாள். கோபமாக இல்லை, அடுப்பில் பால் இருக்கிறது பார்த்துக்கொள் என்று சொல்கிற மாதிரி. வேலியில் சாத்தியிருந்த துடுப்பை எடுத்தாள். வெட்டின பின்பனையின் ஈரம் காயாத அடிமரத்தில் ஏறி, தன் முந்தானையை அவிழ்த்துத் துடுப்பின் நுனியில் முடிந்து, தலைக்கு மேல் தூக்கினாள். அவள் உதடுகள் அசைந்துகொண்டிருந்தன. செபமா, தொம்மையிடம் சொல்லவேண்டிய பதிலை ஒத்திகை பார்த்தாளா, எனக்குத் தெரியாது.

சத்தம் தெற்கிலிருந்து வந்துகொண்டிருந்தது. பிலோமி ஒரு கண்ணை மூடி, கித்தேரியின் முதுகுக்கு மேல் பாரின் வாயைப் பார்த்தாள்.

"கித்தேரி! நீ வடக்க சாஞ்சிருக்க!" என்று கத்தினாள். "தெக்க. இன்னும் கொஞ்சம் தெக்க தள்ளிப் பிடி. போதும். அசையாத!"

கித்தேரி அசையவில்லை. கடலிலிருந்து பார்த்தால் வேட்டியும் முந்தானையும் ஒன்றின்மேல் ஒன்றாக வந்து ஒரே துணியாகத் தெரிந்திருக்கும். பாருக்கு வெளியே எஞ்சின் ஒருமுறை ஓங்கி உறுமித் திரும்பி, இரண்டு பெண்களையும் நேராகப் பார்த்துக்கொண்டு, உள்ளே வர ஆரம்பித்தது.